கண் வறட்சிக்கு வயிற்றுக் கிருமியைக் குற்றவாளி ஆக்குவோர் கவனத்திற்கு

இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா உலர் கண் நோய்க்கும் காரணமாகிறது என்ற கூற்று மருத்துவ ஆய்வுலகில் மெல்ல வேர்விட்டு வருகிறது. அதன் பின்னுள்ள ஆய்வுகளின் வடிவம் பெரும்பாலும் ஒன்றே. ஒரு மருத்துவமனையில் உலர் கண் நோயாளிகள் நூறு பேர். அந்நோய் இல்லாதவர் நூறு பேர். இரு சாராருக்கும் கிருமிக்கான ஒரு பரிசோதனை. முதற்குழுவில் தொற்று சற்றே கூடுதல். பி மதிப்பு 0.05க்குக் கீழ். கட்டுரை முடிந்தது. ஆனால் முடிவுரையில் ஒரு தாவல் நிகழ்கிறது. தொடர்பு காணப்படுகிறது என்று தொடங்கும் வாதம், உலர் கண் நோயாளிகளை இக்கிருமிக்காகப் பரிசோதித்து, இருந்தால் ஒழிக்க வேண்டும் என்ற பரிந்துரையில் போய் நிற்கிறது.

கண்டனத்துக்குரியது இந்தத் தாவல்தான். தொடர்பைத் தேடுவது குற்றமன்று. அறிவியல் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் தொடர்பைக் காரணமாகவும், காரணத்தைச் சிகிச்சையாகவும் ஒரே பத்தியில் உயர்த்திவிடுவது அறிவியல் அன்று. இந்தியா போன்ற நாட்டில் அது நோயாளிக்கு இழைக்கப்படும் தீங்கும் ஆகும்.

முதலில் இக்கருத்தின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பைலோரி தொற்று இரைப்பைச் சுவரில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது. அவ்வழற்சியின் செய்தியாளர்களான சைட்டோகைன்கள் குருதியில் கலந்து தொலைவில் உள்ள உறுப்புகளையும் தொடக்கூடும் என்பது பொருந்தாத கருத்தன்று. உலர் கண் நோயிலும் அழற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. இரைப்பைக்கு வெளியே இக்கிருமி செய்யும் கேடுகள் சில ஐயமற நிறுவப்பட்டும் உள்ளன. வேறு காரணம் தென்படாத இரும்புச்சத்துக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, நோயெதிர்ப்புக் கோளாற்றால் குருதித் தட்டணுக்கள் குறையும் நோய் ஆகியவற்றில் இக்கிருமியைத் தேடி ஒழிக்குமாறு பன்னாட்டு வழிகாட்டுதல்களே கூறுகின்றன. தட்டணு நோயைப் பற்றிய முதற்செய்தி 1998இல் இத்தாலியிலிருந்து வந்தது. கிருமி ஒழிந்தவர்களில் பலருக்குத் தட்டணு எண்ணிக்கை உயர்ந்தது. பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உயர்ந்தது. எனவே ‘வயிற்றுக் கிருமிக்கும் கண்ணுக்கும் என்ன உறவு?’ என்று எள்ளி நகைப்பது விடையாகாது. விடை சான்றின் தரத்தில் இருக்கிறது.

அந்தத் தரத்தை நான்கு கோணங்களில் சோதிக்கலாம்.

முதலாவது, இரண்டு நோய்களின் பரவல். பைலோரி தொற்று இந்திய வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் உள்ளது என்றே பெரும்பாலான கணிப்புகள் கூறுகின்றன. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், நெருக்கடியான வீட்டில், தூய்மை குறைந்த சூழலில் தொற்றும் இக்கிருமி, சிகிச்சை இல்லாவிடில் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கிறது. இத்தனை பேரிடம் உள்ள ஒன்றை எந்த நோயாளிக் குழுவில் தேடினாலும் கிடைக்கும். மூட்டுவலிக்காரரிடம் தேடினாலும் கிடைக்கும். முடி உதிர்வோரிடம் தேடினாலும் கிடைக்கும். கிடைத்தது என்பது செய்தியன்று. ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதலாகக் கிடைத்தது என்பதே செய்தி. ஆகவே ஆய்வின் முழு எடையும் அந்த ஒப்பீட்டுக் குழுவின் தோள்மேல் விழுகிறது.

மறுபுறம், உலர் கண் நோய் என்பது அளவுகோலுக்கு ஏற்ப வீங்கியும் சுருங்கியும் தோன்றும் நோய். ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை வலையமைப்பின் மின்னணுப் பதிவுகளை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், புதிதாக வந்த நோயாளிகளில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டினருக்கே இந்நோய் கண்டறியப்பட்டிருந்தது. வட இந்தியாவில் வினாப்பட்டியலை அடிப்படையாகக் கொண்டு 2018இல் வெளிவந்த மருத்துவமனை ஆய்வு 32 விழுக்காடு என்றது. இரண்டும் பொய்யல்ல. ஒன்று மருத்துவர் பதிவுசெய்த நோயை எண்ணியது. மற்றொன்று நோயாளி சொன்ன அறிகுறிகளை மதிப்பெண்ணாக்கியது. கண்ணீர்ப் படலம் உடையும் நேரம், ஷிர்மர் தாளில் ஐந்து நிமிடத்தில் ஊறும் ஈரத்தின் நீளம், பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஓ.எஸ்.டி.ஐ. வினாப்பட்டியல் ஆகிய மூன்றும் ஒரே நோயாளியிடம் ஒன்றுக்கொன்று முரண்படுவது கண் மருத்துவர் அனைவரும் அறிந்த உண்மை. இருபது மடங்கு வேறுபடக்கூடிய ஒரு நோயின் வரையறைமேல் காரணவாதக் கோபுரம் எழுப்புவோர், எந்த அளவுகோலைக் கொண்டார்கள், ஏன் கொண்டார்கள், பரிசோதித்தவருக்கு நோயாளியின் தொற்று நிலை தெரியாமல் மறைக்கப்பட்டிருந்ததா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, இரண்டையும் ஒருங்கே பிறப்பிக்கும் மூன்றாவது காரணி. இந்தியச் சூழலில் அதைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை, அடுப்படியிலேயே இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 58.6 விழுக்காடு. எஞ்சிய வீடுகளில் விறகும் வறட்டியும் பயிர்க்கழிவும் எரிகின்றன. அப்புகை கண்ணின் மேற்பரப்பை நேரடியாக அரிக்கிறது. அதே வீடுகளில்தான் நெருக்கடியும் நீர்த்தூய்மைக் குறைவும் மிகுதி. ஆகவே பைலோரியும் மிகுதி. வறுமை ஒரு கையால் இரைப்பையையும் மறு கையால் கண்ணையும் தொடுகிறது. இரண்டையும் கண்ட ஆய்வாளர், இரைப்பை கண்ணைத் தொட்டுவிட்டதாக எழுதுகிறார்.

இது வெறும் சொல்லலங்காரம் அன்று என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். புகையடுப்பு வீட்டினரில் 80 விழுக்காட்டினருக்கும், எரிவாயு அடுப்பு வீட்டினரில் 40 விழுக்காட்டினருக்கும் தொற்று இருப்பதாகக் கொள்வோம். கிருமிக்கும் கண்ணுக்கும் எந்த உறவும் இல்லை என்றும் கொள்வோம். உலர் கண் நோயாளிகள் 200 பேரில் 150 பேர் புகையடுப்பினர், 50 பேர் எரிவாயு அடுப்பினர். ஒப்பீட்டுக் குழுவின் 200 பேரில் 75 பேர் புகையடுப்பினர், 125 பேர் எரிவாயு அடுப்பினர். முதற்குழுவில் தொற்றுள்ளோர் 120, 20 ஆக 140 பேர். அதாவது 70 விழுக்காடு. இரண்டாம் குழுவில் 60, 50 ஆக 110 பேர். அதாவது 55 விழுக்காடு. வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 1.9, பி மதிப்பு ஏறத்தாழ 0.002. புள்ளியியல் மென்பொருள் நட்சத்திரக் குறியிட்டு வாழ்த்தும்; இதழ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உறவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குத் தொடங்கியது. அடுப்பின் வகை தரவுப் படிவத்தில் ஒரு வரியாகக் கேட்கப்பட்டிருந்தால் இந்த மாயை கலைந்திருக்கும். வயது, வருமானம், ஊர், குழந்தைப் பருவத்து வீட்டில் இருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

ஒப்பீட்டுக் குழு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணாடி மாற்ற வந்த கல்லூரி மாணவர், நோயாளிக்குத் துணையாக வந்த மகன், மருத்துவமனை ஊழியர் ஆகியோரே எளிதில் கிடைக்கும் ஒப்பீட்டாளர்கள். இவர்கள் பெரும்பாலும் இளையவர், படித்தவர். உலர் கண் நோயும் பைலோரி தொற்றும் வயதோடு கூடுபவை. மருத்துவமனைக்குள்ளேயே இரு குழுக்களையும் தேர்ந்தெடுத்தால் இல்லாத உறவும் இருப்பதுபோல் தோன்றலாம் என்று ஜோசப் பெர்க்சன் 1946லேயே விளக்கிவிட்டார். பாடநூலில் அவர் பெயரால் அமைந்த பிழையை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவர்கள், ஆய்வேட்டில் அதையே செய்துவைப்பது வியப்பளிக்கிறது.

மூன்றாவது, மருந்துகள். வயிற்றெரிச்சலோடும் செரியாமையோடும் பல்லாண்டு வாழ்பவர் வெறும் கிருமியோடு மட்டும் வாழ்வதில்லை. மருந்துப் பட்டையோடும் வாழ்கிறார். செரியாமைக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் கண்ணீர்ச் சுரப்பைக் குறைக்கும். வயிற்றுப் பிடிப்புக்கும் பதற்றத்துக்கும் சேர்த்து எழுதப்படும் குளோர்டயசெபாக்சைடு–கிளிடினியம் கூட்டு மாத்திரையில் உள்ள கிளிடினியம் சுரப்புகளை அடக்கும் வகையைச் சேர்ந்தது. வாய் வறட்சியும் கண் வறட்சியும் அவ்வகை மருந்துகளின் அறிந்த விளைவுகள். இவற்றோடு ஒவ்வாமைக்கான மாத்திரைகள் உண்டு. கண் அழுத்த நோய்க்கான பல சொட்டு மருந்துகளில் பென்சல்கோனியம் குளோரைடு என்னும் பதப்பொருள் உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் செரியாமையையும் கண் உறுத்தலையும் ஒருசேரக் கூட்டிச் சொல்லவைப்பதும் உண்டு. மருந்துச் சீட்டைப் பார்க்காமல் கிருமியை மட்டும் பார்த்த ஆய்வு, வீட்டில் இருந்த ஐவரை விட்டுவிட்டு வாசலில் நின்றவரைப் பிடித்த காவலரின் கதைதான்.

நான்காவது கோணமே மிக முக்கியமானது. கிருமியை ஒழித்தபின் கண் தேறியதே, அதைவிட என்ன சான்று வேண்டும் என்பது இக்கருத்தினரின் வலுவான ஆயுதம். ஆனால் கிருமியை ஒழிக்கக் கொடுத்தது எது என்று கேட்டால் ஆயுதம் மழுங்குகிறது. மும்மருந்துச் சிகிச்சையில் உள்ள கிளாரித்ரோமைசின் மாக்ரோலைடு வகை. பிஸ்மத் அடங்கிய நான்மருந்துச் சிகிச்சையில் உள்ளது டெட்ராசைக்ளின். கண் மருத்துவரோ, இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு வரும் உலர் கண்ணுக்கு நெடுங்காலமாக எழுதுவது எவை? டெட்ராசைக்ளின் குடும்பத்து டாக்சிசைக்ளின். மாக்ரோலைடு குடும்பத்து அசித்ரோமைசின். இம்மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு நில்லாமல் அழற்சியையும் தணிக்கின்றன. உலர் கண் நோயில் இமை எண்ணெய்ச் சுரப்பிகளின் கோளாறே மிகுதியாகக் காணப்படும் காரணம் என்பதும் தெரிந்ததே. ஆகவே இரைப்பைக்காக விழுங்கிய மருந்து இமைக்கு நேரடியாக உதவியிருக்கலாம். நோயாளி தேறியது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் கிருமி குற்றவாளி என்று நிறுவப்படவில்லை.

அதோடு, உலர் கண் நோய் தானாகவே ஏறியிறங்கும் இயல்புடையது. மிக மோசமான நாளில்தான் நோயாளி மருத்துவரிடம் வருகிறார். அடுத்த மாதம் எப்படியும் சற்றுத் தேறியிருப்பார். பனிக்காலப் புகைமூட்டத்தில் தில்லியில் சேர்க்கப்பட்ட நோயாளி மார்ச்சில் மறுபரிசோதனைக்கு வந்தால், தேறியது மருந்தாலா பருவத்தாலா? இதன் வலிமையை உணர்த்த அமெரிக்காவின் ட்ரீம் ஆய்வு ஒன்றே போதும். 2018இல் வெளியான அவ்வாய்வில் 535 உலர் கண் நோயாளிகளுக்கு ஓராண்டுக் காலம் ஒமேகா-3 மாத்திரையோ, ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் மாத்திரையோ தரப்பட்டது. ஒமேகா-3 குழுவில் ஓ.எஸ்.டி.ஐ. மதிப்பெண் சராசரியாக 13.9 புள்ளி குறைந்தது. பெருவெற்றி என்று கொண்டாடியிருக்கலாம். ஆனால் ஆலிவ் எண்ணெய்க் குழுவிலும் 12.5 புள்ளி குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் உலகமே மீனெண்ணெய்க்குச் சான்று கிடைத்ததாக நம்பியிருக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ‘ஒழிப்புக்குப் பின் தேறியது’ ஆய்வுகள் இந்தப் பாடத்துக்கு முன்னால் நிற்க மாட்டா.

இவ்வாறு ஏமாறுவது இது முதன்முறையும் அன்று. 1994இல் இலண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு, பைலோரி தொற்றுள்ளோருக்கு இதயத் தமனி நோய் மிகுதி என்றது. உலகெங்கும் கட்டுரைகள் குவிந்தன. அழற்சி, சைட்டோகைன், குருதி உறைதல் என்று அழகழகான வழிமுறைகள் வரையப்பட்டன. ஆனால் 1997லும் 1998லும் ஜான் டேனஷும் ரிச்சர்டு பெட்டோவும் பிறரும் ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, இதய நோயின் வழக்கமான இடர்க்காரணிகளோடு இக்கிருமிக்கு வலுவான உறவு எதுவும் தென்படவில்லை. குழந்தைப் பருவ வறுமை தொற்றையும் தருகிறது, பின்னாளில் இதய நோயையும் தருகிறது என்பதே பெரும்பகுதி விளக்கமாக நின்றது. இன்று கண்ணுக்காக வரையப்படும் அம்புக்குறிப் படங்கள் அன்று இதயத்துக்காக வரையப்பட்டவைதாம். உறுப்பின் பெயர் மட்டுமே மாறியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘பாரி மார்ஷலையும் ராபின் வாரனையும் இப்படித்தானே எள்ளி நகையாடினார்கள்? புண்ணுக்குக் காரணம் கிருமி என்றபோது எவர் நம்பினார்?’ இந்த வாதம் மேடையில் கைத்தட்டல் பெறும், வரலாற்றில் நிற்காது. மார்ஷல் 1984இல் கிருமிக் கரைசலைக் குடித்தது உண்மை. அதனால் அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் அன்று. புண்ணுக்கும் கிருமிக்கும் உள்ள உறவை உலகம் ஏற்றது அந்தத் துணிச்சலுக்காக மட்டுமன்று. 1988இல் மார்ஷலும் அவர் குழுவினரும் முன்சிறுகுடல் புண் கொண்ட 100 நோயாளிகளிடம், எவருக்கு எம்மருந்து என்பது மறைக்கப்பட்ட ஒப்பீட்டு ஆய்வை நடத்திக் காட்டினார்கள். கிருமி ஒழிந்தவர்களுக்குப் புண் திரும்புவது குறைந்தது. பிறரும் அதையே கண்டார்கள். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஒருமித்த கருத்து மாநாடு 1994இல் ஏற்றது. 2005இல் நோபெல் பரிசு வந்தது. எள்ளப்பட்ட கருத்தெல்லாம் பிற்காலத்தில் மெய்யாகிவிடுவதில்லை. மெய்யானது, கடும் சோதனையைத் தானே தேடிப்போய்த் தாங்கியதால் மெய்யானது. மார்ஷலின் பெயரைச் சொல்பவர்கள் அவருடைய குவளையை மட்டும் நினைவில் வைத்து, அவர் நடத்திய சோதனையை மறந்துவிடுகிறார்கள்.

‘சரி, உறுதியில்லை, பரிசோதித்துக் கிருமியை ஒழித்தால்தான் என்ன நட்டம்?’ என்பது அடுத்த கேள்வி. நட்டம் உண்டு; அதைச் சுமப்பவர் ஆய்வாளர் அல்லர். மும்மருந்துச் சிகிச்சை என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டு மாத்திரைகள், பதினான்கு நாள். வாய்க்கசப்பு, வயிற்றுப்போக்கு, குமட்டல். பாதியில் நிறுத்துவோர் பலர். நிறுத்திய இடத்தில் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி எஞ்சும். இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கு இக்கிருமி காட்டும் எதிர்ப்பு ஏற்கெனவே மிக அதிகம். கிளாரித்ரோமைசினுக்கு அஞ்சாத பைலோரியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் பாக்டீரியாக்களின் பட்டியலில் உயர் முன்னுரிமைப் பிரிவில் வைத்தது. ஓரிடத்தில் கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 15 விழுக்காட்டைத் தாண்டினால் வழக்கமான மும்மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நெறி. பாதிக்கும் மேற்பட்டோர் தொற்றுடைய நாட்டில், கண் உறுத்தும் ஒவ்வொருவருக்கும் இக்கிருமியைத் தேடி மருந்து கொடுப்பது என்றால், வயிற்றுப் புண்ணும் இரைப்பைப் புற்றுநோய் இடரும் உள்ளவர்களுக்காகக் காக்க வேண்டிய மருந்துகளைக் கண் உறுத்தலுக்கு இறைத்துவிடுவது என்று பொருள்.

இன்னொரு நட்டம் கண்ணுக்கே நேர்கிறது. கிருமி ஒழிந்ததா என்று காத்திருக்கும் மாதங்களில், இமை விளிம்பை அழுத்தி எண்ணெய் வருகிறதா என்று பார்க்கப்படாமல் போகலாம். வாய் வறட்சியும் மூட்டுவலியும் உண்டா என்று கேட்காமல் விட்டதால் ஷோகிரென் நோய் தாமதமாகலாம். தைராய்டு, நீரிழிவு, திரைமுன் அமர்ந்து இமைக்க மறக்கும் பழக்கம், அடுப்புப் புகை, மருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கேட்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பத்து நிமிடமும் இரண்டு விரலும் போதும். இவற்றுக்கு நேரமில்லாத மருத்துவமனையில் மலப் பரிசோதனைக்கு மட்டும் நேரம் கிடைப்பது எப்படி?

அந்தக் கேள்விக்கு விடை நோயில் இல்லை. ஆய்வேட்டுப் பொருளாதாரத்தில் இருக்கிறது. 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களின் வெளியீடுகளைச் சமிரன் நந்தியும் உடனுழைத்தோரும் எண்ணிப் பார்த்தார்கள். 332 நிறுவனங்கள், அதாவது 57.3 விழுக்காடு, பத்தாண்டுகளில் ஒரு கட்டுரையும் வெளியிட்டிருக்கவில்லை. இந்த வெறுமைக்குக் கண்ட மருந்து, பதவி உயர்வையும் பட்டத்தையும் கட்டுரை எண்ணிக்கையோடு கட்டிப்போடுவது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. மூன்றாண்டு முதுநிலைப் படிப்பில், இரவுப் பணிக்கும் அறுவை அரங்குக்கும் இடையில், தனியே நிதியின்றி, ஓர் ஆய்வேடு முடிய வேண்டும். மலிவாகவும் விரைவாகவும் முடியும் வடிவம் ஒன்றே: பரவலான நோய் ஒன்று, பரவலான தொற்று ஒன்று, இரண்டையும் இணைக்கும் கை வர்க்கச் சோதனை ஒன்று. பைலோரியும் உலர் கண்ணும் இந்த அச்சுக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அடுத்த ஆண்டு மாணவர் பைலோரியோடு வேறொரு கண்ணோயை இணைப்பார். உறவு தென்படாத ஆய்வேடு அலமாரிக்குப் போகும்; தென்பட்டது இதழுக்குப் போகும். பிறகு எவரேனும் வெளிவந்தவற்றை மட்டும் திரட்டி மெட்டா பகுப்பாய்வு செய்து, சான்று குவிந்துவிட்டதாக அறிவிப்பார்.

இதில் மாணவரைக் குற்றஞ்சாட்டுவது எளிது, நியாயமன்று. தலைப்பை அவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒப்பீட்டுக் குழு பொருந்தவில்லை என்று சொல்லும் துணிவுக்கு இந்தியத் துறைகளில் பரிசு கிடைப்பதில்லை. பொறுப்பு நெறியாளரிடமும், நெறிமுறைக் குழுவிடமும், முடிவுரையின் கடைசி வாக்கியத்தைப் படிக்காமல் ஒப்புதல் தரும் இதழ் மதிப்பீட்டாளரிடமும் இருக்கிறது.

செய்ய வேண்டியது அரிதன்று. இக்கேள்வியை நேர்மையாகக் கேட்க விரும்பும் துறைகளுக்கு வழி இருக்கிறது. ஆய்வுத் திட்டத்தை நோயாளி சேர்க்கைக்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதியலாம். கடந்த தொற்றையும் இருக்கும் தொற்றையும் பிரித்தறியாத ஐஜிஜி இரத்தப் பரிசோதனையை விடுத்து, யூரியா மூச்சுப் பரிசோதனையையோ மல ஆன்டிஜென் பரிசோதனையையோ கொள்ளலாம். அமிலம் அடக்கும் மாத்திரை உண்பவருக்கு இவை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும் என்பதால் இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்லலாம். அடுப்பு, வருமானம், குழந்தைப் பருவ வீடு, மருந்துச் சீட்டு ஆகிய நான்கையும் படிவத்தில் சேர்க்கலாம். கண்ணைச் சோதிப்பவருக்குத் தொற்று நிலையை மறைக்கலாம். அதே மருந்தை உண்டும் கிருமி ஒழியாதவர்களைத் தனியே பிரித்து, ஒழிந்தவர்களோடு ஒப்பிடலாம். கண் இரு சாராருக்கும் ஒரே அளவு தேறியிருந்தால், தேற்றியது மருந்து. கிருமியின் மறைவு அன்று. இந்த ஒப்பீட்டுக்குச் செலவே இல்லை. மருந்தின் நேரடி விளைவு தேய்ந்த பின், ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபரிசோதனை செய்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். இவ்வளவையும் தாங்கி ஓர் உறவு எஞ்சி நின்றால், அன்று அதை மனமார ஏற்றுக்கொள்ள வேண்டும். வழிகாட்டுதலையும் மாற்ற வேண்டும்.

அதுவரை, பைலோரிக்கும் உலர் கண் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதப்பட வேண்டியதில்லை. வயிற்று நோவுக்காரருக்கு வயிற்றுக்காகப் பரிசோதனை செய்யட்டும். கிருமி இருந்தால் வயிற்றுக்காக ஒழிக்கட்டும். கண் வறண்டு வந்தவருக்கு முதலில் கண்ணைப் பார்க்கட்டும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் தம் நெறியாளரிடம் பணிவோடு ஒரு கேள்வி கேட்கலாம்: ‘ஐயா, ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் எந்த அடுப்பில் சமைத்த சோற்றை உண்டு வளர்ந்தவர்கள்?’ விடை தெரியாவிட்டால், அந்த ஆய்வின் முடிவுரையை இப்போதைக்கு எழுதாமல் விடுவதே நோயாளிக்குச் செய்யும் உதவி.